துணிக் கூரை ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த பாலிஷ் நல்லது?

நீங்கள் கேட்டிருப்பது ஒரு வரிதான்: கன்வெர்டிபிள் காரின் துணிக் கூரைக்கு எந்த பாலிஷ் போடலாம்? ஆனால் அதற்குக் கீழே எழுதியிருக்கும் விவரங்கள்தான் முக்கியமானவை. பத்து வருடம் ஓடிய, வேகமான இரண்டு சீட் கார். வாங்கி நான்கு மாதம் ஆகிறது. மாதத்தில் இரண்டு முறை வெளியே எடுக்கிறீர்கள். மற்ற ஞாயிறுகளில் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுகிறீர்கள். மழை பெய்த மறுநாள் உள்ளே ஈரச் சாக்கு வாசனை வருகிறது. கூரை சில நாட்களில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. இதையெல்லாம் சேர்த்துப் படித்தால் உண்மையான கேள்வி, "அதிகம் ஓட்டாத இந்த வண்டி கெட்டுப்போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?" என்பதுதான். பாலிஷ் அதில் கடைசி வேலை. இந்த வகைக் கார்களை வேகம் கெடுப்பதைவிடத் தேங்கிய தண்ணீரும் சும்மா நிற்பதும் அதிகம் கெடுக்கின்றன.

முதலில் அந்த வாசனை. துணிக் கூரை தண்ணீரை முழுக்க வெளியே தள்ளிவிடும் மூடி அல்ல. கூரையின் பின்விளிம்பில் வழியும் மழைநீர் உடலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறு வாய்க்காலில் விழும். அங்கிருந்து இரண்டு பக்கமும் குழாய் வழியாக இறங்கி வண்டியின் அடியில் போய்ச் சொட்டும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். வாய்க்காலில் இலைத் துணுக்கு, மண், கூரைத் துணியின் நூல் எல்லாம் சேர்ந்து குழாயின் வாயில் களிமண் போல உட்கார்ந்துகொண்டால், தண்ணீர் வாய்க்காலை நிரப்பி உள்பக்கம் வழியும். மேலே கார்ப்பெட் காய்ந்ததுபோல் இருக்கும். அதன் அடியில் இருக்கும் பஞ்சு லிட்டர் கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே கார்ப்பெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு "காய்ந்துதான் இருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். சீட்டுக்குப் பின்னால் ஒரு ஓரத்தைத் தூக்கி, பஞ்சை விரலால் அழுத்திப் பாருங்கள்.

இது வாசனையோடு நிற்கிற விஷயம் அல்ல. முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் வண்டியை ஸ்டார்ட் ஆக அனுமதிக்கும் எலக்ட்ரானிக் பெட்டி சீட்டின் அடியில், தரையை ஒட்டி இருக்கிறது. குழாய் அடைத்தால் அது நனைந்து வண்டி அசையாது. 2003இல் வந்த பிஎம்டபிள்யூ இசட்4இல் கூரையை இயக்கும் மோட்டாரே வடிகால் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. மாஸ்டா எம்எக்ஸ்-5இல் தேங்கும் தண்ணீர் கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டித் தகட்டை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே தகடு பாதி போயிருக்கும். மூன்றும் இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களிடம் நன்கு அறியப்பட்ட கோளாறுகள். உங்கள் வண்டி இவற்றில் ஒன்றாக இல்லாவிட்டாலும் தண்ணீர் போகும் வழி இதே மாதிரிதான்.

சரிபார்ப்பது எளிது. கூரையைப் பாதி மடிய விட்டு நிறுத்தினால் பின்பக்கத்து இரண்டு மூலையிலும் வாய்க்கால் தெரியும். (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கூரை என்றால் பாதியில் வெகுநேரம் விடக்கூடாது. சில நிமிடங்களில் அழுத்தம் இறங்கி, கூரை தானாகச் சரியும். கையை உள்ளே விடுவதற்கு முன் ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது கட்டை கொடுத்துத் தாங்குங்கள்.) ஒரு பக்கத்துக்கு அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, வண்டியின் அடியில் பின்சக்கரத்துக்கு அருகில் பாருங்கள். ஊற்றிய சில நொடிகளில் அதே வேகத்தில் விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலோ, வராமல் வாய்க்கால் நிரம்பினாலோ அடைப்பு. மேலே இருக்கும் குப்பையை முதலில் கையால் எடுங்கள். உள்ளே தள்ளிவிடக் கூடாது. பிறகு புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் தடித்த நைலான் நரம்பை, முனையைச் சற்று உருட்டி மழுங்கச் செய்து, குழாயில் விட்டுச் சுழற்றுங்கள். கம்பி வேண்டாம், குழாயைக் கிழிக்கும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம். உடலுக்குள் குழாய் இணைந்திருக்கும் இடம் கழன்றுவிட்டால், அடுத்த மழையில் தண்ணீர் முழுக்க வண்டிக்குள்தான் வரும். கழன்றது வெளியே தெரியவும் தெரியாது. மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மற்றவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை செய்தால் போதும்.

எல்லா ஈரமும் வடிகால் குழாயால் வருவதில்லை. ஈரம் சீட்டுக்குப் பின்னால் என்றால் பெரும்பாலும் வடிகால். முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில், அதுவும் மழையே இல்லாமல் ஈரம் என்றால் ஏசியின் தண்ணீர் வெளியேறும் குழாயைப் பாருங்கள். கதவை ஒட்டிய ஓரம் மட்டும் நனைந்தால் கதவின் உள்பேனலுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தடுப்புத் தாள் பிரிந்திருக்கலாம். இனிப்பான வாசனையும் முன்கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து வந்தால் அது மழைநீரே அல்ல, ஹீட்டரிலிருந்து கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது. கண்ணாடியும் ரப்பர் பீடிங்கும் சரியாகச் சேர்கிறதா என்பதற்கு ஒரு காகிதப் பட்டை போதும்: இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். பிடித்துப் பிடித்து வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வரும் இடம் ஒழுகும் இடம். தண்ணீர் ஊற்றிச் சோதிக்கும்போது கீழிருந்து தொடங்கி மேலே போங்கள். மேலிருந்து ஊற்றினால் எங்கே நுழைந்தது என்று கடைசிவரை தெரியாது.

ஈரத்தைக் கண்டுபிடித்தபின் பஞ்சைக் காய வைக்காமல் வாசனைத் திரவம் தெளிப்பது வீண். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கிக் கட்டை கொடுத்து, மின்விசிறியை விட வேண்டும். இரண்டு மூன்று நாளாகும். சீட்டின் ஒயர்களைப் பிரிப்பதாக இருந்தால் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள், ஏனென்றால் சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் இருக்கலாம். ஒயரைப் பிரித்த நிலையில் இக்னிஷனை ஆன் செய்தால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். அதை அணைக்க ஸ்கேனர் வேண்டியிருக்கும்.

இப்போது பாலிஷ். துணிக் கூரைக்கு பாலிஷும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். இந்தத் துணி மூன்று அடுக்கு: வெளியே நெய்த துணி, நடுவில் ரப்பர், உள்ளே இன்னொரு துணி. மழையைத் தடுப்பது நடு ரப்பர்தான். கடையில் விற்கும் தெளிப்பான்கள் வெளித்துணி தண்ணீரைக் குடிக்காமல் பார்த்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். அது முக்கியமில்லை என்று அர்த்தமல்ல; குடித்த துணி நாள்கணக்கில் ஈரமாக இருந்து பாசி பிடிக்கும். ஆனால் ஒழுகலை எந்தத் தெளிப்பானும் நிறுத்தாது. தெளிக்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ளச் சுத்தமான கூரையில் ஒரு கைத்தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டால் பணத்தைச் செலவழிக்காதீர்கள். கறுத்துப் பரவினால் கழுவிவிட்டுத் தெளியுங்கள்.

கழுவும் முறை: முதலில் காய்ந்த தூசியை மென்மையான பிரஷால் தட்டுங்கள். நன்றாக நனைத்து, துணிக் கூரைக்கென்று விற்கும் காரமில்லாத ஷாம்புவை இரண்டடி சதுரம் இரண்டடி சதுரமாகப் போட்டு, நெசவின் போக்கிலேயே தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் நூல் எழும்பும். நுரை துளியும் மிச்சமில்லாமல் அலசுங்கள். சோப்பு தங்கினால் எந்தத் தெளிப்பானும் ஒட்டாது. பாத்திரம் துலக்கும் திரவம் இருக்கிற பூச்சையும் எடுத்துவிடும். பிரஷ் சுழலும் தானியங்கி வாஷுக்குள் விடவே கூடாது. பிரஷர் வாஷர் கட்டாயம் என்றால் விரிந்த தெளிப்பில், இரண்டடிக்குக் குறையாத தூரத்தில், தையலையும் பீடிங்கையும் தவிர்த்து அடியுங்கள். பறவை எச்சத்தைக் காய்ந்தபடியே சுரண்டாமல் ஈரத்துணியை மேலே போட்டு ஊற விடுங்கள். முழுக்கக் காய ஒரு நாள் ஆகும். அதன் பிறகுதான் தெளிப்பான், கண்ணாடியையும் பெயின்டையும் மூடிவிட்டு. சில வண்டிகளில் கூரை துணி அல்ல, வினைல். அதற்கு வேறு பூச்சு. துணிக்கானதை அதில் போட்டால் பயன் இல்லை.

நனைந்த கூரையை மடிக்காதீர்கள். தவிர்க்க முடியாமல் மடித்தால், வீடு போய்ச் சேர்ந்ததும் விரித்துக் காய விடுங்கள். வாரக்கணக்கில் நிறுத்தும்போது கூரை மூடியே இருக்க வேண்டும். மடிந்தே கிடந்தால் மடிப்பு வரிகள் நிலையாகி, துணியும் சற்றுச் சுருங்கி, மூடும்போது முன்கொக்கிக்கு எட்டாது. பின்கண்ணாடி பிளாஸ்டிக்காக இருந்தால் குளிரில் மடிக்கவே கூடாது, பிளந்துவிடும். வெயிலில் கொஞ்சம் இளக விட்டு, மடியும் இடத்தில் கூர்மையான மடிப்பு விழாதபடி கையால் வளைத்துக் கொடுங்கள். பாக்ஸ்டரில் 2003 மாடலில்தான் கண்ணாடி வந்தது; அதற்கு முந்தையவற்றில் இது அன்றாட வேலை.

ரப்பர் பீடிங்குக்கு வாஸ்லினோ கிரீஸோ தடவும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இந்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெயைக் குடித்து ஊதி மெத்தென்று ஆகிவிடும். ரப்பருக்கென்று வரும் சிலிகோன் வகைப் பொருளை மெல்லிய துணியில் எடுத்து, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பூசினால் போதும். கூரைத் துணியில் அது படக்கூடாது; கறை போகாது.

கூரை பாதியில் நிற்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நேரில் பார்க்காமல் இன்னதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் எதை முதலில் பார்ப்பது என்பதில் சந்தேகம் இல்லை. டிக்கிக்குள் கூரை மடியும் இடத்தைப் பிரிக்கும் தடுப்பு முழுக்க இறங்கிக் கொக்கியில் மாட்டியிருக்கிறதா, டிக்கி சரியாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது பேட்டரி. கூரை பம்ப் நிறைய மின்சாரம் இழுக்கும். வோல்டேஜ் இறங்கினால் கட்டுப்பாட்டுப் பெட்டி நடுவில் நிறுத்திவிடும். என்ஜின் ஓடும்போது ஒழுங்காக மூடி, அணைத்திருக்கும்போது நின்றால் பேட்டரி மேல்தான் முதல் சந்தேகம். நண்பர்களுக்குக் காட்ட நாலைந்து முறை அடுத்தடுத்துத் திறந்து மூடினால் பம்ப் சூடாகித் தானாக நிற்கும். அது கோளாறு அல்ல. பம்ப் சத்தம் வருகிறது, கூரை நகரவில்லை என்றால் ஹைட்ராலிக் எண்ணெய் குறைந்திருக்கலாம். எண்ணெய் தானாகக் குறையாது, எங்கோ ஒரு சிலிண்டர் கசிகிறது. முன்கண்ணாடிக்கு மேலே, தலைக்கு நேராகச் சொட்டுவது 1989இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல்லில் பேர்போன ஒன்று. எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் அந்த நிலையைச் சொல்லும் சிறு சுவிட்சோ சென்சாரோ காரணம். சத்தமே வராவிட்டால் ஃப்யூஸ், ரிலே. பழுதான நிலையில் திரும்பத் திரும்ப சுவிட்சை அழுத்துவதும் கையால் இழுத்து மூடுவதும் கம்பிச் சட்டத்தை வளைத்துவிடும். கையால் மூடும் முறை மேனுவலில் படிப்படியாக இருக்கும். அழுத்தத்தை விடுவிக்காமல் இழுக்கக் கூடாது. இன்னொன்று, மேடு பள்ளமான இடத்தில் ஒரு சக்கரம் ஏறி நிற்கும்போது கூரையை இயக்காதீர்கள். மேல்தகடு இல்லாத உடல் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். கொக்கிகள் நேருக்கு நேர் வராது.

ஞாயிறு தோறும் பத்து நிமிட ஸ்டார்ட். இதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. என்ஜினும் சைலன்சரும் நன்றாகச் சூடாகியிருந்தால் அது வெளியே போய்விடும். குளிர்ந்த உலோகத்தில் பட்டால் மறுபடி தண்ணீராகி, சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தங்கும். பத்து நிமிட ஐட்லிங்கில் ஆயில் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரமும் பேட்டரிக்கு முழுதாகத் திரும்புவதில்லை. ஓட்ட நேரம் இல்லாத வாரத்தில் தொடாமல் விடுவதே நல்லது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முப்பது நாற்பது நிமிடம் சாலையில் ஓட்டினால் ஆயில், பிரேக், டயர், கியர்பாக்ஸ், ஏசி எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து.

அந்த ஓட்டத்திலும் முதல் பதினைந்து நிமிடம் பொறுமை வேண்டும். கூலன்ட் முள் ஐந்தாறு நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும். ஆயில் அதைவிட வெகுநேரம் பின்தங்கும். ஆயில் வெப்பமானி இருந்தால் 80 டிகிரி வரும்வரை மூவாயிரம் ஆர்பிஎம்மைத் தாண்டாமல், டாப் கியரில் இழுக்க விடாமலும் ஓட்டுங்கள். பிஎம்டபிள்யூவின் சில எம் கார்களில் ஆர்பிஎம் மீட்டரிலேயே விளக்குகள் எரிந்து, ஆயில் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணையும். அதற்குக் காரணம் இதுதான். டர்போ வண்டி என்றால் வேகமாக ஓட்டிய பின் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரைச் சாதாரணமாக ஓட்டி வந்து நிறுத்துங்கள். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ஆயிலை ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

பேட்டரிக்கு ஒரு எளிய கணக்கு. பூட்டி நிற்கும் நவீன கார் 20 முதல் 50 மில்லி ஆம்பியர்வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு). 70 ஆம்பியர்-அவர் பேட்டரி ஏழு வாரத்தில் பாதியாகும். பழைய பேட்டரிக்கு அதற்கும் முன்பே. சில மணி நேரம் சும்மா நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.4க்குக் கீழே நீண்ட நாள் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். நிறுத்துமிடத்தில் பிளக் இருந்தால் தேவைக்கேற்பத் தானாக நின்று மறுபடி இயங்கும் மெயின்டெய்னர் சார்ஜர் ஒன்றை மாட்டிவிடுங்கள். நெகட்டிவ் முனையில் சென்சார் இருக்கும் வண்டிகளில் சார்ஜரின் கறுப்பு ஒயரை பேட்டரியில் மாட்டாமல் பாடியின் எர்த் பாயின்ட்டில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜ் ஆனதே வண்டிக்குத் தெரியாது. லித்தியம் பேட்டரி என்றால் அதற்கான சார்ஜர் மட்டும். பேட்டரி தீர்ந்த கன்வெர்டிபிளில் இன்னொரு தொல்லை உண்டு: சட்டமில்லாத கதவுக் கண்ணாடி, கைப்பிடியை இழுக்கும்போது சில மில்லிமீட்டர் இறங்கித்தான் பீடிங்கை விடும். மின்சாரம் இல்லாவிட்டால் இறங்காது. அப்போது கதவை வேகமாகச் சாத்தினால் கண்ணாடி பீடிங்கில் மோதும். பேட்டரியை மாற்றியபின் கண்ணாடி இறங்க மறந்திருந்தால், பெரும்பாலான வண்டிகளில் முழுக்க மேலேற்றி சுவிட்சைச் சில நொடி பிடித்திருந்தால் திரும்பக் கற்றுக்கொள்ளும்.

டயரில் கட்டையைவிட (சாலையைத் தொடும் மேடு பள்ள வரிகள்) வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அதிகம் ஓடாத வண்டியில் கட்டை புதிதுபோல் இருக்கும், ரப்பர் இறுகியிருக்கும். ஈரச் சாலையில் அது தெரியும்போது தாமதமாகியிருக்கும். ஆறு வயதைத் தாண்டிய டயரில் இந்த வேகக் காரை விரட்ட வேண்டாம். நிறுத்தும்போது காற்றைக் கூட்டி வைப்பது தட்டையாவதைக் குறைக்கும் என்பது உண்மை. அது அவசியமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓடும் வண்டிக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். பெட்ரோல் டாங்கை நிரப்பி நிறுத்துவதும் அப்படித்தான்: பழைய இரும்பு டாங்குக்குத் துருவைத் தடுத்தது, இப்போதைய பிளாஸ்டிக் டாங்குக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 155 வரை இறங்கலாம். மலைப்பாதை இறக்கத்தில் பெடல் திடீரென்று பஞ்சாகப் போவது இதனால்தான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். வண்டியைக் கழுவியதும் அப்படியே மூடி வைக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி மெதுவாக பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காய வையுங்கள். முதல் சில பிரேக்கில் வரும் கரகரப்பு மேல்துரு, போய்விடும். பெடலில் துடிப்பு தொடர்ந்தால் பேட் இருந்த இடத்தில் டிஸ்க் அரித்திருக்கிறது. சமதளத்தில் வாரக்கணக்கில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, கியரில் வைத்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது மேல்.

நீங்கள் வண்டியின் பெயரை எழுதவில்லை. அதனால் என்ஜின் பற்றிப் பொதுவாகத்தான் சொல்ல முடிகிறது. ஆனால் இந்த வகை என்ஜின்களுக்கு ஒவ்வொன்றுக்கும் பேர்போன ஒரு பலவீனம் உண்டு: 2008 வரையிலான பாக்ஸ்டரில் இடைத்தண்டு பேரிங், பிஎம்டபிள்யூவின் வி8 எம்3இல் கனெக்டிங் ராட் பேரிங், ஃபெராரி எஃப்355இல் என்ஜினையே கீழே இறக்கி மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட். பதிவுச் சான்றிலோ மேனுவலிலோ இருக்கும் என்ஜின் குறியீட்டை அடுத்த பதிவில் எழுதுங்கள். அதற்கு முன் பழைய சர்வீஸ் பில்களை எடுத்துப் பாருங்கள். என்ஜினின் வால்வுகளை நேரப்படி இயக்கும் டைமிங் பெல்ட், கிலோமீட்டர் கணக்கில் மட்டுமல்ல, ஆண்டுக்கணக்கிலும் முதிர்வது. உங்கள் என்ஜினில் பெல்ட் இருந்து, மாற்றிய தேதி எந்த பில்லிலும் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அடுத்த நீண்ட ஓட்டத்துக்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.